உப்பு முன்னே, தண்ணீர் பின்னே: ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் செல் சவ்வும்

வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் முதலில் கையில் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத்தான். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். அதாவது சாப்பாட்டு உப்பு, குளுக்கோஸ், கூட இரண்டு உப்புகள். கிருமியைக் கொல்கிற பொருள் எதுவும் இதில் இல்லை. பேதியை நிறுத்துகிற பொருளும் இல்லை.

உடம்பிலிருந்து வெளியேறுவது தண்ணீர்தான் என்றால், வெறும் தண்ணீரையே நிறையக் குடித்தால் ஆகாதா? சரி, பேதியில் உப்பும் சேர்ந்து போகிறது, அதனால் உப்பு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குளுக்கோஸ் எதற்கு? ‘தெம்புக்கு’ என்பார்கள் வீட்டில். ஒரு லிட்டர் முழுவதையும் குடித்தாலும் அந்தக் குளுக்கோஸில் கிடைக்கும் தெம்பு ஏறக்குறைய ஓர் இட்லி அளவுதான். அதற்காக யாரும் உலகம் முழுக்க ஒரே அளவை நிர்ணயித்துப் பாக்கெட் போட மாட்டார்கள். உண்மையான காரணம் குடலின் உள்பக்கத்தில் வரிசையாக நிற்கும் செல்களின் சவ்வில் இருக்கிறது. அந்தச் சவ்வைப் புரிந்துகொண்டால், பாடப்புத்தகத்தில் விரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல் என்று தனித்தனித் தலைப்புகளில் வருபவை உண்மையில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேலை செய்பவை என்பதும் புரியும்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் குடித்த தண்ணீர் வயிற்றுக்குள் போய்விட்டது என்பதாலேயே அது உடம்புக்குள் போய்விட்டது என்று ஆகாது. வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் குழாய்க்குள் அது இருக்கிறது, அவ்வளவுதான். உடம்புக்குள் வர வேண்டுமானால் குழாயின் உட்சுவரில் இருக்கும் செல் அடுக்கைத் தாண்டி இரத்தத்தைச் சேர வேண்டும். சிறுகுடலில் அந்த அடுக்கு ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. அதைத் தாண்டும் தண்ணீரின் அளவு கொஞ்சநஞ்சமல்ல. நாம் குடிப்பதும் உணவில் வருவதும் ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடற்சாறு என்று உடம்பே குடலுக்குள் ஊற்றுவது சுமார் 7 லிட்டர். ஆக 9 லிட்டர் உள்ளே வருகிறது. மலத்தோடு வெளியே போவதோ 100, 200 மில்லிலிட்டர்தான். மீதி அத்தனையும் செல் அடுக்கைத் தாண்டித் திரும்பி வந்துவிடுகிறது.

அந்தச் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர். சாதாரண நோட்டுத் தாள் ஒன்றின் தடிமனுக்குள் பத்தாயிரம் சவ்வுகளுக்கு மேல் அடுக்கிவிடலாம். இது பெரும்பாலும் பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு வகை மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலை தண்ணீரோடு ஒட்டும், வால் தண்ணீரை விட்டு விலகும். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதனால் தலைகள் இரண்டு பக்கமும் வெளியே பார்க்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ள, இரண்டு அடுக்குகளாக அவை தாமாகவே அமைந்துவிடுகின்றன.

இரண்டு அடுக்கு என்பதை முதலில் சொன்னவர்கள் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஆராய்ச்சி செய்த கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர். 1925-இல் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. கொழுப்பு முழுவதையும் அவர்கள் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். ஒரு பிழை மற்றொன்றைச் சரிக்கட்டிவிட, விடை மட்டும் சரியாக வந்தது! கணக்குத் தேர்வில் இப்படி எழுதினால் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைக்காது.

இந்தக் கொழுப்பு அடுக்கை எது தாண்டும், எது தாண்டாது? அளவு சின்னதாக இருந்தால் தாண்டிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அப்படித் தாண்டுகின்றன, உண்மைதான். ஆனால் அவற்றைவிடப் பல மடங்கு பெரிய ஸ்டீராய்டு ஹார்மோன்களும் தாண்டிவிடுகின்றன. துளியூண்டு சோடியம் அயனியோ வெளியிலேயே நின்றுவிடுகிறது. காரணம், சோடியம் அயனிக்கு மின்னூட்டம் உண்டு. தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்கும். கொழுப்புக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரை எல்லாம் உதற வேண்டும். அது லேசில் நடக்காது. குளுக்கோஸும் தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருள் என்பதால் அதற்கும் வழி இல்லை. சவ்வுக்கு அளவைவிடக் குணம்தான் முக்கியம்.

தாண்டக்கூடிய பொருள்கள் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விடை எளிது. மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் முட்டிமோதி ஓடிக்கொண்டே இருக்கின்றன. கூட்டம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகிறவை, எதிர்த்திசையில் வருகிறவற்றைவிட அதிகமாக இருக்கும். இரண்டு பக்கமும் சமமாகும் வரை இது நடக்கும். இதுதான் விரவல். செல்லுக்கு இதில் காசு செலவு இல்லை. நுரையீரலில் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் வருவது இப்படித்தான்.

சோடியம், குளுக்கோஸ் போன்றவற்றுக்குக் கொழுப்பு அடுக்கில் வழி இல்லை என்பதால், சவ்வில் ஆங்காங்கே புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் சில, குறிப்பிட்ட அயனி மட்டும் நுழையக்கூடிய துளை கொண்ட கால்வாய்ப் புரதங்கள். வேறு சில, பொருளைப் பிடித்துக்கொண்டு தன் வடிவத்தை மாற்றி மறுபக்கம் விடும் கடத்திப் புரதங்கள். பொருள் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தான் போகிறது என்றால், புரதத்தின் உதவி இருந்தாலும் அது விரவல்தான்.

இனி தண்ணீருக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்: தண்ணீரை நேரடியாக இழுத்துத் தள்ளும் பம்பு என்று நம் செல்களில் எதுவும் கிடையாது. தண்ணீரை நகர்த்த வேண்டுமென்றால், செல் முதலில் உப்பையோ வேறு கரைபொருளையோ நகர்த்தும். கரைபொருள் அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். அதுதான் சவ்வூடு பரவல்.

சமையலறையிலேயே பார்க்கலாம். உருளைக்கிழங்கில் ஒரே கனத்தில் இரண்டு வில்லைகள் நறுக்குங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும் மற்றொன்றை இரண்டு ஸ்பூன் உப்புக் கரைத்த ஒரு டம்ளர் தண்ணீரிலும் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக, உடைத்தால் ‘டக்’ என்று முறியும். உப்புத் தண்ணீரில் கிடந்தது துவண்டு வளையும். முதல் வில்லையின் செல்களுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, இரண்டாவதிலிருந்து வெளியேறியிருக்கிறது. தாவர செல்லுக்குச் சவ்வைச் சுற்றிச் செல்சுவர் இருப்பதால் தண்ணீர் புகுந்தாலும் வெடிப்பதில்லை. நம் இரத்தச் சிவப்பணுவுக்கு அந்தச் சுவர் கிடையாது. வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடித்துவிடும். மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் உப்பு இருப்பது இதனால்தான். அதன் செறிவு இரத்தத்தின் செறிவுக்கு ஏறக்குறைய ஒத்தது. சிவப்பணு அதில் ஊதுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

தண்ணீர் கொழுப்பு அடுக்கின் ஊடாகவும் கொஞ்சம் கசியும். ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது பாயும் வேகத்தைப் பார்த்தால் கசிவு மட்டும் போதாது, தனி வழி இருந்தாக வேண்டும் என்ற சந்தேகம் வெகுநாளாக இருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே இரத்த வகை தொடர்பான வேறு ஒரு புரதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கூடவே அடையாளம் தெரியாத இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது. அது தண்ணீர்க் கால்வாயாக இருக்குமோ என்று 1992-இல் சோதித்தார்கள். அந்தப் புரதத்தைத் தவளை முட்டை செல் தயாரிக்கும்படி செய்து, முட்டையைச் செறிவு குறைந்த கரைசலில் போட்டார்கள். அது ஊதி வெடித்தது. புரதம் இல்லாத சாதாரண முட்டை அப்படியே இருந்தது. அக்குவாபோரின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு அக்குவாபோரின் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகும். ஆக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அக்குவாபோரினும் பம்பு அல்ல. வழி விடும், தள்ளாது.

அப்படியானால் குடலிலிருந்து தண்ணீரை இழுக்க வேண்டுமென்றால் முதலில் உப்பை இழுக்க வேண்டும். அதைச் செய்வது சோடியம்-பொட்டாசியம் பம்பு. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்ளும். வெளியே ஏற்கெனவே சோடியம் அதிகம், அங்கேயே மேலும் தள்ளுகிறது. அதாவது, விரவல் போகும் திசைக்கு நேர் எதிராக. அதனால்தான் ஆற்றல் செலவாகிறது; அதனால்தான் இதைச் செயல்மிகு கடத்தல் என்கிறோம். டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கோ என்பவர் நண்டின் கால் நரம்பை வைத்து ஆராய்ந்து 1957-இல் இதைக் கண்டறிந்தார். பரிசு வர 40 ஆண்டு ஆனது. 1997-இல் நோபல் கொடுத்தார்கள். நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்தப் பம்புகளுக்கே போகிறது.

குடல் செல்லில் இந்தப் பம்பு எங்கே இருக்கிறது என்பது முக்கியம். செல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று குடலின் உட்பக்கம் பார்த்தது, மற்றொன்று இரத்தக் குழாய்ப் பக்கம் பார்த்தது. பம்பு இரத்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. இரவும் பகலும் சோடியத்தை அந்தப் பக்கமாக வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், செல்லுக்குள் சோடியத்தின் செறிவு வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துகிடக்கிறது. குடலில் இருக்கும் சோடியத்துக்கு, வழி மட்டும் கிடைத்தால் உள்ளே பாய்ந்துவிடலாம் என்ற நிலை.

அந்த வழிகளில் ஒன்றுதான் நம் கதையின் நாயகன். எஸ்.ஜி.எல்.டி.1 என்ற கடத்திப் புரதம். குடலைப் பார்த்த முகத்தில் இருக்கும். இது 2 சோடியம் அயனிகளும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சோடியம் உள்ளே பாயும் வேகத்தில் குளுக்கோஸும் கூடவே இழுபட்டு உள்ளே வந்துவிடும், செல்லுக்குள் குளுக்கோஸ் ஏற்கெனவே அதிகமாக இருந்தாலும்கூட. இந்தப் புரதம் நேரடியாக ஏ.டி.பி.யைச் செலவழிப்பதில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் செலவாவது மோட்டார் போட்டுத் தண்ணீரை ஏற்றும்போதுதான். பிறகு கரண்ட் இல்லாத நேரத்திலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாகக் கொட்டும். சோடியம் பம்புதான் மோட்டார். எஸ்.ஜி.எல்.டி.1, குழாய். மோட்டாரை நிறுத்திவிட்டால் கொஞ்ச நேரத்தில் குழாயும் நின்றுவிடும். சோடியமும் குளுக்கோஸும் இப்படி ஜோடியாகப் போகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார்.

அப்புறம் நடப்பது எளிது. உள்ளே வந்த சோடியத்தைப் பம்பு இரத்தப் பக்கம் தள்ளுகிறது. குளுக்கோஸ் அந்தப் பக்கத்திலுள்ள இன்னொரு கடத்திப் புரதம் வழியாக, விரவலாகவே வெளியேறுகிறது. இரத்தப் பக்கத்தில் கரைபொருள் கூடுகிறது. செல்கள் வழியாகவும், பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகள் வழியாகவும் தண்ணீர் பின்னால் வருகிறது. பாக்கெட்டில் குளுக்கோஸ் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் விடை. சோடியத்தை உள்ளே கொண்டுவரக் குளுக்கோஸ், தண்ணீரைக் கொண்டுவரச் சோடியம்.

இதெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போது. காலராவில் என்ன ஆகிறது? காலராக் கிருமி குடல் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளியிலிருந்தே ஒரு நச்சுப் புரதத்தைச் சுரக்கிறது. இப்படி ஒரு நச்சு இருப்பதைச் சோதனையில் காட்டியவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே, ஆண்டு 1959. நச்சு பெரிய மூலக்கூறு, எந்தக் கால்வாயிலும் நுழையாது. ஆனால் செல்லுக்கு இன்னொரு பழக்கம் உண்டு: சவ்வில் ஒட்டிய பெரிய பொருளைச் சவ்வோடு சேர்த்து உள்நோக்கி மடித்து, சிறு பையாக்கி விழுங்கிவிடும். வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான். இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு நச்சு உள்ளே போய்விடுகிறது. போனதும் செல்லின் ஓர் உள் சமிக்ஞையை நிறுத்த முடியாதபடி ஓடவிட்டுவிடுகிறது. விளைவாக, குடலைப் பார்த்த பக்கத்திலுள்ள குளோரைடு கால்வாய்கள் திறந்தபடியே நின்றுவிடுகின்றன. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, அதன் பின்னால் சோடியம், அவற்றின் பின்னால் தண்ணீர். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். சில மணி நேரத்தில் ஆள் இறந்துவிடலாம்.

இந்த நிலையில் வெறும் தண்ணீர் குடித்தால், குடலில் இருக்கும் தண்ணீரோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். பின்தொடர்வதற்கு உப்பு உள்ளே போகவில்லையே! ஆனால் நச்சு ஒரு வழியைத் தொடவில்லை. எஸ்.ஜி.எல்.டி.1 காலராவிலும் வழக்கம்போல வேலை செய்கிறது. குளோரைடு வழியாக வெளியே கொட்டுவதை நிறுத்த முடியாவிட்டாலும், குளுக்கோஸ் வழியாக அதைவிட அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். ஓ.ஆர்.எஸ். குடித்தால் பேதி உடனே நிற்காததும் இதனால்தான். ‘குடித்தும் நிற்கவில்லை’ என்று சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பேதியை நிறுத்துவது அதன் வேலையே இல்லை.

டாக்காவில் 1968-இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்து, வாய்வழியாகவே இழப்பை ஈடுகட்ட முடியும் என்று காட்டினார்கள். பெரும்பாலான மருத்துவர்கள் நம்பவில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் போங்காவ் என்ற ஊரில் வேலை செய்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸிடம் ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, பெரிய டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1978-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் தன் தலையங்கத்தில், சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகப் போகின்றன என்ற இந்தக் கண்டுபிடிப்பை, அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது.

குளுக்கோஸ் நல்லது என்றால் கூடுதலாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. சவ்வூடு பரவலுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. குடலுக்குள் கரைபொருள் அதிகமாகிவிட்டால் தண்ணீர் இரத்தத்திலிருந்து குடலுக்கு வரும். இங்கே எடையைவிடத் துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. அதை மில்லிஆஸ்மோல் என்ற அலகில் சொல்வார்கள். இரத்தத்தின் அளவு லிட்டருக்குச் சுமார் 290. உலக சுகாதார அமைப்பின் பழைய ஓ.ஆர்.எஸ். 311, அதாவது இரத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். 2002-இல் சோடியம், குளுக்கோஸ் இரண்டையும் குறைத்து 245 ஆக்கினார்கள். இன்றைய பாக்கெட்டில் சோடியமும் குளுக்கோஸும் சம எண்ணிக்கையில், லிட்டருக்கு 75 மில்லிமோல் (இதுவும் எண்ணிக்கையைச் சொல்லும் அலகுதான்) வீதம் இருக்கின்றன.

இதை வைத்துக்கொண்டு கோலா பானத்தைப் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் சுமார் 10 கிராம் சர்க்கரை, ஓ.ஆர்.எஸ்.ஸில் அதே அளவுக்கு 1.35 கிராம்தான். சோடியமோ கோலாவில் பேருக்குத்தான். பேதி நேரத்தில் அது தண்ணீரைக் குடலுக்கே இழுத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் அட்டைப் பெட்டியில் விற்கும் சில பழச்சுவைப் பானங்களும் சர்க்கரை விஷயத்தில் இந்த ரகம்தான். அவை பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளை வைத்துக்கொண்டு விற்றுவந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. தாமதமானாலும் நல்ல காரியம். அதே காரணத்துக்காக, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பதும் தப்பு.

பாக்கெட் கைக்குக் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்துகொள்ளலாம். சர்க்கரை குடலில் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடையும். அதில் குளுக்கோஸ் மட்டும்தான் சோடியத்தோடு ஜோடி சேரும். பிரக்டோஸுக்கு வேறு வழி. அதற்குச் சோடியம் தேவையில்லை.

நம் ஊர் உப்புக் கஞ்சிக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. அரிசி மாவுச்சத்தின் ஒரு மூலக்கூறு என்பது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் கோத்த சங்கிலி. சவ்வூடு பரவல் கணக்கில் அத்தனையும் சேர்ந்து ஒரே துகள். அதனால் தண்ணீரைப் பெரிதாக இழுக்காது. குடலில் செரிக்கச் செரிக்கக் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்து, வந்த வேகத்திலேயே சோடியத்தோடு உள்ளே போய்விடும். அரிசியை வைத்துத் தயாரித்த ஓ.ஆர்.எஸ். காலரா நோயாளிகளின் பேதி அளவைக் குறைப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிறுகுடலில் செரிக்காத வகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் கொடுத்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். செரிக்காதது எப்படி உதவும்? அது பெருங்குடல் வரை போகும். அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துச் சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். பெருங்குடல் செல்கள் அந்த அமிலங்களை உறிஞ்சும்போது சோடியமும் கூட வரும், வழக்கம்போலத் தண்ணீர் பின்னால் வரும். சோதனையில் அந்த நோயாளிகளுக்குச் சாதாரண ஓ.ஆர்.எஸ். குடித்தவர்களைவிடப் பேதி குறைவாகப் போனது, சீக்கிரமும் நின்றது.